மூச்சும் கண்ணாடியும்: கடலடியைக் கண்டவர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தோடு தொடர்புடைய அலுவல் பயணங்களுள் மிகப் புகழ்பெற்றது மணிவாசகருடையது. பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பொருளோடு, கடல்வழி வந்திறங்கும் குதிரைகளை வாங்கத் திருப்பெருந்துறைக்கு வந்தவர், வந்த வேலையை மறந்து வேறொன்றில் கரைந்து நின்றுவிட்டார் என்பது மரபு. அந்தப் பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில். சமயப் பொருளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், இந்தக் கதையில் ஓர் உலகியல் உண்மை இருக்கிறது. அலுவலுக்காகச் சென்றவன் கண் அலுவலை மட்டுமே பார்க்கவேண்டும் என்னும் விதியை எந்த அரசும் நடைமுறைப்படுத்த முடிந்ததில்லை. அவ்வாறு பணி நிமித்தம் சென்ற இடத்தில் கண் விலகிக் கடலின் அடியைப் பார்த்த சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கும் இத்தகைய பயணங்கள் உண்டு. விடைத்தாள் திருத்தல், வாய்மொழித் தேர்வு, கருத்தரங்கு என்று ஆண்டுக்குச் சில முறையேனும் வெளியூர் செல்கிறோம். மாலை நேரத்தில் சிலர் கோயிலுக்குச் செல்வர். சிலர் பழைய புத்தகக் கடைகளைத் தேடுவர். நாமோ வண்ணமீன் கடைகளைத் தேடுகிறோம். சென்னைக்குச் செல்லும் போதெல்லாம் கொளத்தூர்ப் பக்கம் ஒருமுறை போய்வராமல் ஊர் திரும்புவதில்லை. வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே நீல விளக்கொளி. வெளியே பாலித்தீன் பையில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு ஆக்சிஜனுமாகக் கட்டித் தொங்கவிடப்பட்ட மீன்கள். நம் நண்பர்களுள் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு பணிப் பயணத்தின்போது புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சியும் பெற்றுவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நிற்பதா, உள்ளேயே இறங்கிவிடுவதா என்று எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. அந்த வழக்கின் வேரைத் தேடியபோது அது நம்மைவிட மிக மூத்தது என்பது தெரிந்தது.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிட வேண்டும். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடலே கிடையாது. குளமும் ஏரியும் ஊருணியும் நிறைந்த அந்த நாடு, தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளால் நாற்புறமும் சூழப்பட்டிருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னர் 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி அதனோடு சேர்ந்தது. அப்போதுதான் மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மீமிசலும் 'நம் ஊர்க் கடல்' ஆயின. ஆகவே புதுக்கோட்டைக்காரர்கள் கடலை ஓர் அரசாணை வழியாகப் பெற்றவர்கள் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. பெற்ற கடலை நாம் பார்த்தோமா என்பதுதான் கேள்வி. அதற்கு வருமுன் பிறர் கடலை எவ்வாறு பார்த்தனர் என்று காண்போம்.

கடலடியைப் பார்க்க மனிதன் கண்ட முதற்கருவி மூச்சு. கொற்கையின் முத்தையும் அங்கு வாழ்ந்த கடலாடிகளையும் மதுரைக்காஞ்சி பேசுகிறது. வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரை அகநானூறு காட்டுகிறது. அக்காலம் தொட்டு இருபதாம் நூற்றாண்டு வரை முத்துக்குளிக்கும் முறை பெரிதாக மாறவில்லை. படகிலிருந்து கயிற்றில் கட்டிய கல் ஒன்று இறங்கும். அதில் கால் பதித்து, மூச்சை இழுத்து அடக்கி, குளிப்பவர் அடிக்குப் போவார். ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கயிறு பிடிப்பவரின் கவனமே கீழே இருப்பவரின் ஆயுள்.

சுறா பற்றிய அச்சத்திற்கும் ஒரு பணியாளர் இருந்தார். அவர் பெயர் கடல்கட்டி. மந்திரத்தால் கடலைக் கட்டி, சுறாவின் வாயை அடைப்பவர் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்துகளில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரக்காரர்களுக்குச் சென்றதாக எழுதுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அலுவலர்களும் கடல்கட்டியைக் குறிப்பிடுகின்றனர். ஆறு நூற்றாண்டுகள் நிலைத்த பதவி! கீழே இறங்கி உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயர்களோ அத்தனை நூற்றாண்டுக் குறிப்புகளிலும் அரிதாகவே கிடைக்கின்றன. எத்தனை படகு, எத்தனை ஆள், எத்தனை சிப்பி, ஏலம் என்ன விலைக்குப் போயிற்று என்பவை எல்லாம் உண்டு. அடியில் என்ன கண்டாய் என்று குளித்தவரைக் கேட்டு எழுதிய ஏடு நம் கண்ணில் பட்டதில்லை. இறங்கியவர் எழுதவில்லை, எழுதியவர் இறங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

எழுதியவர்களுள் ஒருவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளால் இன்று நினைவுகூரப்படுகிறார். அதற்கு முன்பே, அலுவல் முறையில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் சென்று, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசுக்கு வேண்டியிருந்தது முத்தின் வருமானம். தர்ஸ்டனின் கண்ணோ பவளத்திலும் நண்டிலும் கடற்பஞ்சிலும் சென்று தங்கியது. மணிவாசகர் மரபு இங்கும் தொடர்வதைக் காணலாம்!

அவர் பார்த்தவற்றைச் சென்னை மக்களும் பார்க்கவேண்டுமானால் ஒரு வழிதான் இருந்தது. கடலைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கருவி கண்ணாடி.

கண்ணாடித் தொட்டியில் நீருயிர்களை நெடுநாள் வாழவைக்கும் கலை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கைவந்தது. செடி வெளிவிடும் ஆக்சிஜனும் மீன் வெளிவிடும் கரியமிலமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற கணக்கு பிடிபட்ட பிறகே அது இயன்றது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலின் வழியாக 'அக்வேரியம்' என்ற சொல் வீடுதோறும் பரவியது. அரை நூற்றாண்டு கழித்து அந்த அலை சென்னையைத் தொட்டது. தர்ஸ்டன் காலத்தில் எழுந்த எண்ணம் நிறைவேறி, 1909 அக்டோபரில் மெரினா கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த அது பின்னர் மீன்துறையின் கைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது.

இந்த நிகழ்வின் புதுமையை இன்று நம்மால் முழுமையாக உணர முடியாது. அதுவரை சென்னைவாசிக்கு மீன் என்றால் கூடையில் கிடப்பது அல்லது குழம்பில் கிடப்பது. உயிரோடு, தன் போக்கில், தன் நிறத்தோடு நீந்தும் கடல்மீனைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வாய்த்த முதல் தலைமுறை அது. எதையும் எடுக்காமல், விற்காமல், வெறுமனே பார்ப்பதற்காகவே பார்ப்பது என்பது கடலைப் பொறுத்தவரை நமக்குப் புதிய பழக்கம். அதற்கு மறு ஆண்டு, 1910இல், கடலில்லாத புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. திருக்கோகர்ணத்தில் இன்றும் இயங்கும் அதன் கூடங்களில் சிற்பங்களோடும் செப்பேடுகளோடும் விலங்கியல் பிரிவும் ஒன்று உண்டு.

கண்ணாடியின் கதையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கொளத்தூர்க் கடையில் நாம் காணும் மீன்களின் பூர்விகத்தை விசாரித்தால் உலகப்படமே விரியும். தங்கமீன் சீனத்தது. நியான் டெட்ராவும் ஏஞ்சலும் அமேசான் பக்கத்தவை. கப்பி, வெனிசுலா, திரினிடாடு பக்கத்திலிருந்து வந்தது. சண்டைமீன் சயாம் நாட்டது. இவ்வளவு அயலாருக்கிடையே நம்மவர் யாருமில்லையா என்று தேடினால், உடலின் நீளவாக்கில் சிவப்பும் கறுப்புமாகக் கோடிட்ட மீன் ஒன்று கண்ணில்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்க ஆறுகளில் வாழ்வது. அலங்கார மீனாக உலகெங்கும் விலைபோவது. கடைக்காரர் 'டெனிசன் பார்ப்' என்பார். டெனிசன் யார்? 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன். 1865இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவர். நோயாளிகளைக் கவனிக்க அனுப்பப்பட்டவர், பணியாற்றிய இடங்களில் மீன்களைச் சேகரித்து, இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1870களில் எழுதி முடித்தார். இவரும் நம் மரபினரே. ஆனால் அந்த ஆற்றங்கரையில் அந்த மீனைத் தலைமுறை தலைமுறையாக 'மிஸ் கேரளா' வருமுன் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டால், எந்தக் கடையிலும் பதில் வராது. ஆளுநரின் பெயர் நிலைத்தது. ஆற்றங்கரைப் பெயர் தொட்டிக்குள் வரவில்லை.

மூச்சு, கண்ணாடி ஆகியவற்றுக்குப் பிறகு வந்த மூன்றாம் கருவி காற்று. 1943இல் பிரான்சில், கடற்படை அலுவலர் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞ்ஞானும் சேர்ந்து அக்வாலங் என்னும் கருவியை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்கென அமைத்த ஒரு சீராக்கியே அதற்கு மூலம். உருளையில் அழுத்தி அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு இணையாக்கி, இழுக்கும்போது மட்டும் கொடுப்பது அதன் வேலை. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேற்பரப்பில் இருமடங்காக விரியும். ஆகவே ஸ்கூபா மாணவனுக்குச் சொல்லித்தரும் தலையாய விதி, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பதே. நண்பர் இதைச் சொன்னபோது நாம் வியந்து போனோம். முத்துக்குளிப்பவரின் கலை முழுவதும் மூச்சை அடக்குவது; ஸ்கூபாவின் கலை முழுவதும் மூச்சை அடக்காமலிருப்பது. ஒரே கடல், நேரெதிரான இரண்டு இலக்கணங்கள்! பணிப் பயணம் செல்வோருக்கு மற்றொரு விதியும் உண்டு. மூழ்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். பதினெட்டு மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறுவது நல்லதன்று. கருத்தரங்கு முடிந்து இரவு விமானத்தைப் பிடிப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

அலுவல் பயணம், மீன் காட்சியகம், ஸ்கூபா மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்த நிகழ்வு, பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பில் நடந்தது. 1954 டிசம்பரில், ஆஸ்திரேலியப் பவளத் திட்டைப் பற்றி நூல் எழுதுவதற்காகக் கப்பலில் சென்றுகொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், கொழும்புத் துறைமுகத்தில் சில மணி நேரம் தங்கினார். அங்கே அவர் சந்தித்தவர்களுள் ஒருவர் ரோட்னி ஜோங்கிளாஸ். தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையில் பணியாற்றியவர், தேர்ந்த முக்குளிப்பாளர், பிற்காலத்தில் அலங்கார மீன் ஏற்றுமதியாளர். இலங்கைக் கடலைப் பற்றி அவர் மூட்டிய ஆவல் வீண்போகவில்லை. 1956இல் கிளார்க் இலங்கைக்கே வந்துவிட்டார். 2008இல் அங்கேயே மறைந்தார். அறிவியல் புனைகதை வாசகர்கள் அவரை விண்வெளியின் எழுத்தாளராகவே அறிவர். அவரை நம் கரைப் பக்கம் இழுத்து வந்தது விண்ணன்று, கடல்.

வந்த ஆண்டிலேயே கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமி மலைக்குக் கீழே மூழ்கினர். பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. அவற்றை நிழற்படமெடுத்து, 1957இல் வெளிவந்த நூலில் கிளார்க் எழுதினார். தேவாரம் பெற்ற தலம் அது. மூன்று நூற்றாண்டுகளாக அந்த மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததற்கு நீருக்கடியில் எடுத்த ஒரு படம் சான்றாகி நின்றது. கிளார்க் அங்கே கோயிலைக் 'கண்டுபிடித்தார்' என்று சிலர் எழுதுகின்றனர். கரையில் நின்று கடலை நோக்கிக் கும்பிட்டவர்களுக்கு அது எப்போது தொலைந்தது, கண்டுபிடிப்பதற்கு?

தமிழகக் கரையிலும் இதே கருவி இரு வேலைகளைச் செய்தது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடி முத்துப் படுகைகளில் தாமே மூழ்கி, பார்த்ததை எழுதினர். இறங்கியவரே எழுதியவராக ஆன காலம் அதுதான். ஆனால் அதற்குள் படுகைகள் வறண்டுபோயின. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்க்கும் வழி கைக்கு வந்தபோது பார்க்க வேண்டியது நழுவிவிட்டது. மற்றொரு வேலை கடலடித் தொல்லியல். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் பூம்புகாருக்கு அப்பாலும், 2002இல் இங்கிலாந்துக் குழுவினரோடு சேர்ந்து மாமல்லபுரத்துக்கு அப்பாலும் மூழ்கி ஆய்ந்தனர். கடல் கொண்டதைப் பற்றிப் பாடியே பழகிய மொழிக்கு, அதைச் சென்று அளந்து பார்க்கும் வழியும் ஒன்று கிடைத்தது.

இப்போது புதுக்கோட்டைக் கடலுக்குத் திரும்புவோம். ஸ்கூபா நண்பரை மணமேல்குடிக்கு அழைத்தபோது அவர் சிரித்தார். நம் கடல் பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் பெயர் தாங்கியது, மற்றுமோர் ஆளுநர்! பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கும் ஆழம். தெற்கு வெள்ளாறும் பிற சிற்றாறுகளும் கொண்டு கொட்டும் வண்டலும், அடியில் படிந்த சேறும் கலங்கி, தெளிவற்ற நீர். பவளத்தோட்டம் கிடையாது, சுற்றுலாப் படகு கிடையாது. அழகிய படம் எடுக்க வந்தவருக்கு இங்கே வேலையில்லை. இங்கிருப்பது கடற்புல். அதை மேய்வது கடற்பசு. நம் மீனவர் வழக்கில் ஆவுளியா.

ஆவுளியாவையும் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்ததுண்டு. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இயங்கிய காலத்தில், அதன் இயக்குநராயிருந்த எஸ். ஜோன்ஸ் அங்கே தொட்டியில் வளர்க்கப்பட்ட இணைக் கடற்பசுக்களைப் பற்றி 1959இல் கட்டுரை எழுதினார். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் தின்னும் உயிர் அது. வீட்டுக் கூடத்துத் தொட்டிக்கும் அதற்கும் என்ன உறவு? உலகிலேயே மிகச் சில காட்சியகங்களில்தான் அது வாழ்ந்திருக்கிறது. ஆக, கண்ணாடிக்கு அடங்காதது. கலங்கிய நீரில் முகமூடிக்கும் எளிதில் அகப்படாதது.

இந்தியாவில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்று சொல்லப்படுகிறது. அவற்றுள் மிகுதியும் நம் தமிழகக் கரையில்தான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை, கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் இது. 1974இல் ஓர் அரசாணையால் கடலைப் பெற்ற மாவட்டம், 2022இல் மற்றோர் அரசாணையால் அந்தக் கடலடிக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா அருகே பன்னாட்டுக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் அமைப்பதற்கும் அறிவிப்பு வந்துள்ளது.

அம்மையத்தில் நாளை எதைப் பார்ப்போம்? படங்கள் இருக்கும், மாதிரி உருவங்கள் இருக்கும். ஆனால் இந்தக் கலங்கல் கடலுக்குள் உண்மையான கண் ஒன்று முன்பே இருக்கிறது. வலை வீசும்போது புல்திட்டு எங்கே அடர்ந்தது, எங்கே மெலிந்தது என்று அறிந்தவர். வலையில் ஆவுளியா சிக்கினால் அறுத்து விடுபவர். அவ்வாறு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டியும் இருக்கிறது. இழுவை மடி புல்லை அரிக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் படகுகளை நம்பித்தான் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் பல நூறு அடுப்புகள் எரிகின்றன என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒருங்கே அறிந்தவர்கள் அவர்களே. ஆகவே காப்பகத்தின் தலைவிதி தில்லியிலோ சென்னையிலோ எழுதப்படும் கோப்பைவிட இவர்களின் சொல்லையே மிகுதியும் சார்ந்திருக்கும்.

இரண்டாயிரம் ஆண்டுகளாக இறங்கியவர் எழுதவில்லை என்று மேலே சொன்னோம். எழுதத் தெரியாமையால் மட்டும் அன்று, கேட்பாரில்லாமையாலும்தான். இன்று நம் வகுப்பறைகளில் மணமேல்குடியிலிருந்தும் கட்டுமாவடியிலிருந்தும் மாணவர்கள் வந்து அமர்கின்றனர். நெய்தல் திணையின் கருப்பொருளை அவர்களுக்கு நாம் கற்பிக்கிறோம். அவர்கள் வீட்டில் புழங்கும் கடற்புல்லின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், ஆவுளியாவைப் பற்றிப் பாட்டன் சொன்ன சொற்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னால் என்ன? எம்.ஏ. பட்டத்திற்கான ஆய்வேடுகளில் ஆண்டுக்கு ஒன்று இதற்கென ஒதுங்கினாலும் போதும். டெனிசன் மீனுக்கு நேர்ந்தது ஆவுளியாவுக்கு நேராமலிருக்கும்.

அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் பணியிலிருக்கும் தமிழாசிரிய நண்பர்கள் எவரேனும் இத்தகைய சொற்களை ஏற்கெனவே தொகுத்து வைத்திருந்தால், அருள்கூர்ந்து தெரிவிக்கவேண்டும். அடுத்த விடைத்தாள் திருத்தும் பணிக்கு எந்த ஊரில் அழைப்பு வந்தாலும், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அவர்களைத் தேடி வருவோம்.